யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கலை நிகழ்வு வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

புரொஜெக்டரும் சென்சரும் விளக்கும் கொண்டு நாங்கள் முதன்முதலில் வைத்த கலை நிகழ்வில் மாலை ஐந்தரைக்கே சனம் வந்துவிட்டது, சுவரில் படம்தான் தெரியவில்லை. புரொஜெக்டரில் பழுது ஒன்றுமில்லை. இரண்டு கிழமையாக யன்னலைச் சாத்திய அறைக்குள் ஒத்திகை பார்த்த எங்களுக்கு, திறந்த முற்றத்தில் நன்றாக இருட்டும்வரை எதுவும் தெரியாது என்பது உறைக்கவே இல்லை. ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே ஆறரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் அழைப்பிதழில் ஏழு மணி என்றே போடுங்கள். கைனெக்ட் போல ஆளின் அசைவைப் பிடிக்கும் சென்சர்களுக்கும் இதே சிக்கல்தான். அவை அகச்சிவப்பு ஒளியை நம்பி வேலை செய்பவை, வெயிலிலும் அதே ஒளி நிறைய இருக்கிறது, பின்னேர வெயில் நேரே விழுந்தால் முன்னால் ஆள் நிற்பதே அதற்குத் தெரியாது. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வைக்கப்போகிறீர்களோ, அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஒருமுறையாவது முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

கோட்டைச் சுவரில் படம் போட எல்லாருக்கும் ஆசை, எனக்கும்தான். ஆனால் அது முருகைக்கல், காலத்தால் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கிறது, வெளிச்சத்தை விழுங்கிவிடும். அறையின் வெள்ளைச் சுவரில் அழகாகத் தெரிந்த மெல்லிய கோடுகள் அங்கே காணாமல் போகும், பெரிய உருவமும் தடித்த கோடும்தான் நிற்கும். அதோடு அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம், தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேறு. இதையெல்லாம் கடைசிக் கிழமைக்கு விடாதீர்கள்.

கரண்ட் விஷயம். மீற்றருக்கு 60 விளக்கு உள்ள, 5 வோல்ட் எல்ஈடி பட்டி ஐந்து மீற்றர் எடுத்தால் மொத்தம் 300 விளக்கு. முழு வெள்ளையில் ஒவ்வொன்றும் 60 மில்லிஅம்பியர் வரை இழுக்கும், கூட்டினால் 18 அம்பியர். ஃபோன் சார்ஜரில் இது ஓடாது. ஒரு முனையில் மட்டும் மின் கொடுத்தால் மறுமுனை மஞ்சளாகி மங்கிவிடும், இரண்டு முனையிலும் கொடுங்கள். மண்டபத்தில் எந்த பிளக் இருக்கிறது என்றும் முதலே போய்ப் பாருங்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் உருண்டைக் கால் 5 அம்பியர், 15 அம்பியர், சதுரக் கால் 13 அம்பியர் மூன்றும் கலந்துதான் கிடக்கின்றன.

எனக்கு மிகவும் மனம் நோவது தமிழ் எழுத்துத்தான். கணினிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் 'கோ' என்பது 'க'வும் அதற்குப் பின்னால் ஓகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது, திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி முன்னாலும் மறுபாதி பின்னாலும் போக வேண்டும். அந்த வேலையை எல்லா மென்பொருளும் செய்வதில்லை. கணினி விளையாட்டுகள் செய்யும் யூனிட்டி மென்பொருளில், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ வைத்து 'கோட்டை' என்று போட்டுப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி, ஐகாரக் குறியும் டகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பத்தடி உயரத்தில், ஊரே பார்க்கும் சுவரில், எங்கள் சொல்லே உடைந்து நிற்பதைச் சின்னப் பிழை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இன்னொன்று பாமினி, யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. பழைய கட்டுரைகளிலிருந்து எடுத்து ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிடும், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வழி இருக்கிறது: எழுத்தைப் படமாகவோ வீடியோவாகவோ முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம், அல்லது சாதாரண இணைய உலாவியிலேயே ஓட்டலாம், அது சரியாகக் காட்டும். அப்புறம் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் பெரிய திரையில் ஒவ்வொரு சொல்லையும் பார்க்கட்டும்.

கதிரைகளை வரிசையாகப் போட்டால் சனம் இருந்துவிடும், எழும்பி வந்து தொடாது. மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆகும், அதற்குள் பிள்ளைகளுக்கு நித்திரை வந்துவிடும். உரைகளைச் சுருக்கி நடுவில் வையுங்கள். 'தொட்டுப் பாருங்கள்' என்று பெரிதாக எழுதுங்கள், எழுதினாலும் பெரியவர்கள் பழுதாகிவிடுமோ என்று தள்ளித்தான் நிற்பார்கள், ஆகவே ஒருவர் முதலில் விளையாடிக் காட்ட வேண்டும். விளக்கவுரை வேண்டாம், விளையாடினால் போதும்.

கூத்துக் கலைஞர்களோடு சேர்ந்து செய்வதென்றால், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரைக் கடைசி நாளில் கூப்பிடாதீர்கள். மத்தளத்துக்கு விளக்கு ஆட வேண்டுமா, விளக்குக்கு ஆட்டக்காரர் ஆட வேண்டுமா என்பதை அவரோடு இருந்து முடிவெடுங்கள். பாட்டைப் பதிவுசெய்து கணினியில் வெட்டி ஒட்டுவதற்கும், செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுப்பதற்கும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள், சம்பளமும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பொது நூலகத்தைப் பற்றிச் செய்யும்போது பெடியளுக்கு முதலில் தோன்றுவது நெருப்பு. 1981இல் சுமார் 97,000 நூல்களோடு அது எரிந்ததைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள், முன்வரிசையில் அவர்கள்தான் இருப்பார்கள். திடீரென்று சுவர் முழுக்கத் தீ எழும்பினால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். நிகழ்வுக்கு முன்பே அப்படி இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருந்து, அந்தப் பகுதியைக் காட்டுங்கள். வேண்டாம் தம்பி என்று சொன்னால், எத்தனை இரவு முழித்துச் செய்திருந்தாலும் எடுத்துவிடுங்கள்.