பழைய லாரியின் பின்விளக்கும் எர்த் கோளாறும்

எங்கள் பழைய 24 வோல்ட் லாரியில் பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. ஒரு விளக்கின் மின்சாரம் இன்னொரு பல்பின் வழியே திரும்பிச் செல்ல முயல்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் உலோகச் சட்டம் வழியே பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பைத்தான். பிரேக் விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை விளக்குக் கூட்டின் உலோகத்திலும் வைத்தபோது, அரை வோல்ட்டைக்கூடத் தொடக் கூடாத இடத்தில் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓம் அளவு (மின்தடை) மட்டும் பார்ப்பதை நான் நம்புவதில்லை. ஓரிரு இழைகளே மிஞ்சிய வயரும் அதில் நல்லதாகவே தெரியும். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) எர்த் வயரைப் பூட்டியிருந்த போல்ட்டைக் கழற்றியதும், வயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்கின் அடியில் பெயிண்டும் துருவும் ஏடாகப் படிந்திருக்க, செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புது லக்கும் பல் வைத்த ஸ்டார் வாஷரும் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினேன். அதே சோதனையில் இப்போது 0.1 வோல்ட்தான் காட்டுகிறது.