நவாபின் நீளமான பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

வரலாற்றுப் புத்தகங்களில் நவாப் ஒருவரின் பெயர் மூன்று வரிக்கு ஓடும், நாமும் முதல் இரண்டு சொல்லோடு தாண்டிப் போய்விடுவோம். அதில் பாதிக்கு மேல் பெயரே கிடையாது, பட்டம்தான்.

முதலில் நவாப். அரபியில் 'நாயிப்' என்றால் ஒருவர் சார்பில் நின்று செயல்படுபவர். அதன் பன்மை 'நுவ்வாப்'. மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் அழைத்து அழைத்து இங்கே நவாப் ஆகிவிட்டது. ஆக, நவாப் அரசர் இல்லை, முகலாயப் பேரரசருக்காக மாகாணத்தை ஆள்பவர். 1707-ல் ஔரங்கசீப் இறந்து டெல்லி தளர்ந்தபின் வங்காளம், அவத், ஆற்காடு நவாபுகள் கிட்டத்தட்ட அரசர்களாகவே நடந்துகொண்டார்கள், ஆனாலும் பட்டம் மட்டும் டெல்லியிலிருந்து வந்தால்தான் கௌரவம்!

அடுத்து, ஒவ்வொரு பட்டமும் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஹைதராபாத் வழக்கில் கீழிருந்து மேலாக ஜங் (போர்), தௌலா (அரசு), முல்க் (நாடு), உமரா (அமீர்கள், அதாவது பிரபுக்கள்), உச்சியில் ஜாஹ் (மேன்மை) என்று வரிசை. சாலார் ஜங்கைவிட ஆஸ்மான் ஜாஹ் என்ற பட்டம் உயர்ந்தது என்பது இதை வைத்தே தெரிந்துவிடும். 'உத்தீன்' என்று முடிந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், அது பெற்றோர் வைத்த பெயராகவும் இருக்கலாம்.

ஹைதராபாத்தை ஆண்ட முதல் நிஜாமையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் மீர் கமருத்தீன். சின் கிலிச் கான் என்பது ஔரங்கசீப் தந்தது, நிஜாமுல் முல்க் 1713-ல் ஃபரூக்சியார் தந்தது, ஆசஃப் ஜாஹ் 1725-ல் முகமது ஷா தந்தது. (ஆசஃப் என்பவர் சுலைமான் நபியின் அமைச்சர் என்பது மரபு.) மூன்று பேரரசர்கள் காலத்தில் அவர் ஏறிய படிகள் பெயரிலேயே இருக்கின்றன.

வங்காள நவாப் சிராஜுத் தௌலாவும் அப்படித்தான்: 'அரசின் விளக்கு' என்பது பட்டம், ஆளின் பெயர் மிர்ஸா முகமது.

நம்மூர் வாலாஜாவும் பட்டமே. ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் தந்தது. 'வாலா' என்றால் உயர்ந்த, அதோடு ஜாஹ். வாலாஜாப்பேட்டையும் சென்னையின் வாலாஜா சாலையும் அவர் பட்டத்தைச் சுமப்பவைதான்.

'அமீரே ஆற்காடு' என்று கண்டால் அது முகலாயர் தந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறக்க, கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பதவியையே ஒழித்துவிட்டது. பின்னால் அவருடைய சிற்றப்பா அஸீம் ஜாவுக்கு ஆங்கிலேய அரசு கொடுத்த பட்டம் இது.