ஸ்பானிஷ்காரர்களைக் குழப்பும் 'அட்டெண்ட்'

ஸ்பானிஷ் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறீர்களா, 'அட்டெண்ட்' என்ற வினையைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். அவர்கள் மொழியில் வகுப்புக்குப் போவது 'அசிஸ்தீர்', கடையில் வாடிக்கையாளரைக் கவனிப்பது 'அதெந்தேர்'. அதனால் 'ஐ அசிஸ்டட் தி கிளாஸ்' என்று வாயில் தானாக வந்துவிடும், கேட்பவரோ வகுப்புக்கு ஏதோ உதவி செய்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார். சரி, 'அட்டெண்ட்' போட்டால் முடிந்ததா என்றால், அடுத்த சிக்கல் அங்கேதான். 'அசிஸ்தீர் அ' என்று, ஆங்கில 'டு' மாதிரியான ஒரு 'அ' சேர்த்தே பழகியதால் 'அட்டெண்ட் டு தி மீட்டிங்' என்பார்கள். அந்த 'டு' ஒட்டியதுமே பொருள் 'கவனித்துக்கொள்' என்று 'அதெந்தேர்' பக்கம் சாய்ந்துவிடுகிறது. கூட்டம், வகுப்பு, கல்யாணம் எதுவானாலும் 'டு' வேண்டாம்; புகாரையோ வாடிக்கையாளரையோ கவனிப்பதென்றால் போடலாம். அப்புறம், சாதாரணப் பேச்சுக்கு 'கோ டு' போதும், 'அட்டெண்ட்' கொஞ்சம் விறைப்பான சொல்தான்.