'கிராஸ்' என்றால் உடனே 'குறுக்கே' என்று எழுதாதீர்கள்

மொழிபெயர்க்கப் புதிதாக வரும் பிள்ளைகளின் தாள்களைத் திருத்தும்போது என்னுடைய பழைய தாள்களையே பார்ப்பதுபோல் இருக்கிறது. 'கிராஸ்' என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக 'குறுக்கே' என்று எழுதிவிடுகிறது. ஒற்றுப்பிழையை மெய்ப்புப் பார்ப்பவர் திருத்திவிடுவார், அதை விடுங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை.

கிராஸ் செய்த காசோலை

இன்றும் இதைக் கண்டால் எரிச்சல் வருகிறது. காரணம், முதலில் செய்தவன் நானேதான். ஒரு நிதி நிறுவனத்தின் துண்டறிக்கை. காசோலையை 'கிராஸ்' செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். 'காசோலையைக் குறுக்கே அடித்து அனுப்பவும்' என்று எழுதிக்கொடுத்தேன். அச்சாகியும் விட்டது.

தமிழில் ஒன்றை அடித்துவிட்டால் அது வேண்டாம் என்றுதானே பொருள்? வாடிக்கையாளர்கள் மூலைக்கு மூலை கோடு இழுத்து அனுப்பினார்கள். சிலர் 'ரத்து' என்றும் எழுதியிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கணக்கு விவரத்துக்காக ரத்து செய்த காசோலை கேட்பது நம் ஊரில் வழக்கம்தானே. ஒரு காசோலைக்கும் பணம் வரவில்லை. மறு அச்சுக்கான செலவை என் கூலியில் கழித்தார்கள்.

கிராஸ் செய்வதென்றால் காசோலையின் முகப்பில் சாய்வாக இரண்டு இணைகோடுகள் போடுவது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 123ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. கோடு விழுந்தபின் கவுன்ட்டரில் ரொக்கம் தரமாட்டார்கள், வங்கிக் கணக்கு வழியாகத்தான் பணம் போகும். வழியில் தொலைந்தாலும், எடுத்தவன் நேரே போய் மாற்றிக்கொள்ள முடியாது. அடித்துவிடுவதற்கு ஆங்கிலத்தில் 'கிராஸ் அவுட்' என்று தனியாக இருக்கிறது. அந்த 'அவுட்' இருக்கிறதா என்று பாருங்கள். 'கோடிட்ட காசோலை' என்று நம்மிடம் நல்ல சொல் இருந்தும், போன மாதம்கூட ஒரு பிள்ளை 'குறுக்கே அடித்த காசோலை' என்று எழுதிக்கொண்டு வந்தது.

அக்ராஸ்

'அக்ராஸ் தி ரிவர்' அக்கரையில். 'அக்ராஸ் தி கன்ட்ரி' பெரும்பாலும் நாடு முழுவதும். 'நாட்டுக்குக் குறுக்கே மழை' என்று எழுதினால், எந்த ஊர் வழியாகப் போயிற்று என்று கேட்பேன். 'அக்ராஸ் ஃப்ரம் தி பேங்க்' வங்கிக்கு எதிரே.

கம் அக்ராஸ்

தற்செயலாகக் கண்ணில் படுவது. 'கடந்து வந்தேன்' அல்ல.

கிராஸ் தி ஃப்ளோர்

'தரையைக் கடந்தார்' என்று படித்துவிட்டுத் தலையில் கைவைத்தேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிர் வரிசைகளில் உட்காரும். 1904இல் வின்ஸ்டன் சர்ச்சில் கன்சர்வேட்டிவ் வரிசையை விட்டு லிபரல்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். கட்சி மாறினார் என்று எழுதுங்கள்.

ஷீ இஸ் கிராஸ்

கோபமாக இருக்கிறாள்.

டபுள் கிராஸ்

துரோகம். 'இரட்டைச் சிலுவை' என்று வந்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடப்பதும் தாண்டுவதும்

ஆற்றைக் கடக்கிறோம், வாய்க்காலைத் தாண்டுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அகலத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே வரும் வண்டிக்காக ரயிலை நிறுத்திவைத்தால் மட்டும் தமிழாக்கத்துக்கு மெனக்கெட வேண்டாம். பெட்டியில் இருக்கும் பாட்டியே 'கிராஸிங்குக்கு நிக்குது' என்றுதான் சொல்வாள்.