முதல் ஃபெசன்ட் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

பிரிட்டனில் முதல் ஃபெசன்ட் (காட்டுக்கோழி போன்ற பறவை) வேட்டைக்கு, 12 போர் (bore, குழாயின் உள்விட்ட அளவு) துப்பாக்கி என்றால், 30 கிராம், 6ஆம் எண் ஈய ரவை, நார் வாட் (மருந்துக்கும் ரவைக்கும் இடையிலான அடைப்பு) உள்ள தோட்டா ஒரே வகை போதும். ரவை ஒன்று 2.6 மி.மீ.; ஒரு தோட்டாவில் சுமார் 285 இருப்பதால் 35 மீட்டருக்குள் அடர்த்தியாகவே விழும். 36 கிராம் வாங்கினால் தோள்தான் வலிக்கும். பிளாஸ்டிக் வாட் மேய்ச்சல் நிலத்தில் சிதறிக் கிடக்கும் என்று வேட்டை நடத்தும் பல எஸ்டேட்டுகள் அதை அனுமதிப்பதில்லை.

குழாயில் பொறித்த அறை (தோட்டா அமரும் பகுதி) நீளத்தையும் பாருங்கள்: 65 என்றிருந்தால் 70 மி.மீ. தோட்டா கூடவே கூடாது.

வாத்தும் சுடுவதாக இருந்தால் இது பொருந்தாது. இங்கிலாந்தில் 1999 முதல் வாத்துக்கு ஈயம் தடை. அதற்கு 4ஆம் எண் ஸ்டீல் ரவை, அதுவும் துப்பாக்கி ஸ்டீலைத் தாங்குமா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கேட்டபிறகு.