72 பேரும் அந்த அறையில் இல்லை: மத்திய அமைச்சரவைச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்தி மேசைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மத்திய அமைச்சரவையைப் பற்றி எழுதும்போது, அந்த வயதில் நான் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, துறை மாறிப்போவது போன்றவற்றை மெய்ப்பு பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவர் கண்ணில் சிக்காதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இரண்டுக்கும் ஒரே சொல்

ஆங்கிலத்தில் கவுன்சில் ஆஃப் மினிஸ்டர்ஸ் வேறு, கேபினட் வேறு. முன்னது எல்லா அமைச்சர்களும் சேர்ந்தது, பின்னது பிரதமரும் கேபினட் அமைச்சர்களும் மட்டும். தமிழில் இரண்டையும் 'அமைச்சரவை' என்றே எழுதிப் பழகிவிட்டோம். எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

2024 ஜூன் 9 அன்று நரேந்திர மோடியோடு 71 பேர் பதவியேற்றார்கள். அதில் 30 பேர் கேபினட் அமைச்சர்கள், 5 பேர் தனிப் பொறுப்புடன் கூடிய (மேலே கேபினட் அமைச்சர் இல்லாமல் துறையைத் தாமே கவனிக்கும்) இணை அமைச்சர்கள், 36 பேர் இணை அமைச்சர்கள். கேபினட்டில் இடம்பெற்றவர்கள் பிரதமரையும் சேர்த்து 31 பேர்தான். தனிப் பொறுப்பு அமைச்சர்கூடத் தன் துறை விவகாரம் வரும்போது, அழைத்தால்தான் கூட்டத்துக்குப் போவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். தமிழ்நாட்டைச் சேர்ந்த இணை அமைச்சர் ஒருவர் 'அமைச்சரவைக் கூட்டத்தில் கடும் எதிர்ப்பு தெரிவித்தார்' என்று கட்சிக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். நம்பி எழுதினேன், முதல் பக்கத்தில் வந்தது. மறுநாள் மதியம் டெல்லியிலிருந்து அமைச்சரின் உதவியாளர் அழைத்தார். அவர் சத்தம் போடவில்லை. "ஐயா அந்தக் கூட்டத்துக்கே போக மாட்டாருங்களே சார்" என்றார், அவ்வளவுதான். அடுத்த நாள் திருத்தம் போட்டோம். அதன்பின் வெகுகாலம் அந்த அலுவலகத்தில் எங்கள் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. அமைச்சர் உண்மையிலேயே எதிர்ப்பைக் கடிதமாக எழுதி அனுப்பியிருந்தார். அந்தச் செய்தி வேறொரு பத்திரிகையில் வந்தது. உண்மை என் பக்கத்திலேயே இருந்தும், அது எந்த அறையில் நடந்தது என்று கேட்காததால் கோட்டைவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இதைச் சொல் தகராறு என்று ஒதுக்காதீர்கள். அரசியல் சாசனத்தின் 74-வது பிரிவு பிரதமரைத் தலைவராகக் கொண்ட எல்லா அமைச்சர்களையும் பற்றிப் பேசுகிறது. கேபினட் என்ற சொல் 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தத்தின் மூலம்தான் நெருக்கடி நிலை பற்றிய 352-வது பிரிவுக்குள் வந்தது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்குக் கையெழுத்து வாங்கியபோது இந்திரா காந்தி கேபினட்டைக் கூட்டவில்லை; மறுநாள் காலையில்தான் அமைச்சர்களுக்கே தெரிந்தது. அந்த அடிக்குப் பிறகுதான், கேபினட்டின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள்.

ஆகவே கூட்டத்தைப் பற்றி எழுதினால் 'கேபினட் கூட்டம்' என்றே எழுதுங்கள். 2024 பதவியேற்பின் எண்ணிக்கையைச் சொன்னால் 'பிரதமர் உட்பட மொத்தம் 72 அமைச்சர்கள்' என்று எழுதுங்கள். 'அமைச்சர்கள் குழு' என்று போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அது ஏதாவது ஒரு பிரச்சினையை ஆராயச் சில அமைச்சர்களை மட்டும் வைத்து அமைப்பது. கேபினட் குழு இன்னொன்று: பாதுகாப்புக்கான கேபினட் குழுவில் பிரதமரும், உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு அமைச்சர்களும் மட்டுமே உறுப்பினர்கள். அந்த ஐந்து பேர் எடுத்த முடிவுக்கு 'அமைச்சரவை முடிவு' என்று தலைப்பு வைத்து வரும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

"எம்.பி. இல்லையே, எப்படி அமைச்சர்?"

ஆகலாம். 6 மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராகிவிட வேண்டும். எல்.முருகன் 2021 ஜூலையில் இணை அமைச்சரானபோது எம்.பி. இல்லை, செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார். 2019-ல் எஸ்.ஜெய்சங்கரும் இப்படித்தான் வந்தார், குஜராத் வழியாக. 6 மாதம் முடிந்ததும் விலகி, தேர்வாகாமலே மறுபடி பதவியேற்று இன்னொரு 6 மாதம் ஓட்டலாமா என்று ஒரு பயிற்சியாளர் கேட்டார். நல்ல கேள்வி. பஞ்சாப் அமைச்சர் ஒருவர் விஷயத்தில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது.

பதவியேற்ற எல்லோரும் புதுமுகம் அல்ல

2021 ஜூலை 7 அன்று 43 பேர் பதவியேற்றார்கள். '43 புதுமுகங்கள்' என்று எழுதியவர்கள் உண்டு. 36 பேர்தான் புதியவர்கள். மற்ற 7 பேர் பதவி உயர்வு பெற்ற இணை அமைச்சர்கள். வெறும் இலாகா மாற்றத்துக்குப் பதவியேற்பு தேவையில்லை. 2023 மே 18 அன்று கிரண் ரிஜிஜுவிடமிருந்து சட்டத்துறை அர்ஜுன் ராம் மேக்வாலுக்குப் போனபோது விழா எதுவும் நடக்கவில்லை. குடியரசுத் தலைவர் மாளிகையின் அறிக்கை ஒன்றே போதுமானதாக இருந்தது.

'நீக்கப்பட்டார்'

ராஜினாமா ஏற்கப்பட்டது என்று அறிக்கை சொன்னால் அப்படியே எழுதுங்கள். கேட்டு வாங்கிய ராஜினாமா என்று தெரிந்தால் அதை அடுத்த வாக்கியத்தில் விளக்குங்கள். 1963-ல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டப்படி விலகிய மத்திய அமைச்சர்களில் லால் பகதூர் சாஸ்திரியும் மொரார்ஜி தேசாயும் இருந்தார்கள். அவர்களைப் போய் 'நீக்கப்பட்டவர்கள்' என்று எழுத முடியுமா?

15 சதவீதம்

அமைச்சர்களின் மொத்த எண்ணிக்கை மக்களவை உறுப்பினர்களின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிரதமரையும் சேர்த்து எண்ணுங்கள். 543-க்கு உச்ச வரம்பு 81.

துணைப் பிரதமர்

சாசனத்தில் அப்படி ஒரு பதவி இல்லை.

பதவியேற்பு இரவில் இலாகா

2024-ல் பதவியேற்பு ஜூன் 9 இரவு நடந்தது. இலாகாக்கள் அறிவிக்கப்பட்டது மறுநாள் மாலை. இடைப்பட்ட நேரத்தில் வாட்ஸ்அப்பில் எத்தனை பட்டியல் வந்தாலும், குடியரசுத் தலைவர் மாளிகை அறிக்கை கைக்கு வரும்வரை பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.