ஆப்கன் நண்பருக்கு அமெரிக்க விசா மறுப்பா? அப்பீலுக்கு உதவுவது எப்படி

ஆப்கானிஸ்தானில் பாக்ராம், காந்தஹார் அமெரிக்க ராணுவத் தளங்களில் மெஸ், லாண்டரி, ஸ்டோர், ஜெனரேட்டர் என்று கான்ட்ராக்ட் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம்மிலும் உண்டு. நீங்கள் அப்படி ஒருவர் என்றால், அன்றைக்கு உங்களோடு வேலை பார்த்த ஆப்கன்காரர் யாராவது இன்னும் உங்கள் வாட்ஸ்அப்பில் இருப்பார், என்றைக்காவது ஒரு பிடிஎஃப்பை அனுப்பி "பாய், இதுக்கு என்ன செய்யணும்" என்று கேட்பார். பெரும்பாலும் அது, அமெரிக்காவுக்காக வேலை பார்த்த ஆப்கன்காரர்களுக்கான சிறப்பு விசாவுக்கு அமெரிக்கத் தூதரகம் அனுப்பிய மறுப்புக் கடிதமாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்வதுதான் இந்தக் குறிப்பு. அங்கே போகாதவராக இருந்தாலும், டெல்லி லாஜ்பத் நகரிலோ டொராண்டோவிலோ ஆப்கன் குடும்பம் ஒன்று உங்களிடம் உதவி கேட்டால் இது பயன்படும். நான் வக்கீல் இல்லை, வக்கீல் கிடைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 120 நாளுக்குள் எழுத்து மூலம் அப்பீல் போட வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். மின்னஞ்சல் எந்தத் தேதியில் வந்தது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அன்றிலிருந்தே எண்ணுங்கள், "நான் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன்" என்ற வாதமெல்லாம் வேண்டாம்.

எங்கே மறுத்தார்கள்?

இந்த விசாவின் பெயர் சிறப்புக் குடியேற்ற விசா, எல்லோரும் எஸ்ஐவி என்பார்கள். 2009-ல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய ஆப்கன் கூட்டாளிகள் பாதுகாப்புச் சட்டத்தில் வந்தது. 2001 அக்டோபர் 7-லிருந்து கணக்கிட்டு குறைந்தது ஒரு வருடம் அமெரிக்க அரசுக்காகவோ அதன் சார்பாகவோ ஆப்கானிஸ்தானில் வேலை பார்த்திருக்க வேண்டும். 2021 ஜூலையில் சட்டம் திருத்தப்படும் வரை இது இரண்டு வருடமாக இருந்தது, அதனால் பழைய மறுப்புக் கடிதங்களில் இரண்டு வருடம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

முதல் கட்டம் தூதரகத் தலைவரின் ஒப்புதல், அதாவது சீஃப் ஆஃப் மிஷன் அப்ரூவல். மறுப்புகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, 120 நாள் அப்பீலும் இதற்குத்தான். ஒப்புதல் கிடைத்து, இன்டர்வியூவும் முடிந்து, கான்சுலர் அதிகாரி 221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்திருந்தால் அது வேறு கதை: ஏதோ ஒரு காகிதம் குறைகிறது, அல்லது பாதுகாப்புச் சோதனை முடியவில்லை என்று அர்த்தம். அதற்கு அப்பீல் கிடையாது, கேட்டதை ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், சோதனை என்றால் காத்திருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, 221(ஜி) வந்தவர் அப்பீல் எழுதுவதும் ஒப்புதல் மறுக்கப்பட்டவர் "சோதனை நடக்கிறது போல" என்று சும்மா இருந்துவிடுவதும் நடக்கிறது. இரண்டாமவருக்குத்தான் நஷ்டம் அதிகம்.

காரணத்தைப் பிடியுங்கள்

மறுப்புக்கான அடிப்படையை முடிந்த அளவு விளக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் கடிதத்தில் இருப்பது ஒன்றிரண்டு வரிதான். ஆனாலும் அந்த வரிதான் முக்கியம், மற்றதெல்லாம் எல்லாக் கடிதத்திலும் வரும் ஒரே மாதிரி வாசகம். அப்பீல் முழுக்க அந்த வரிக்கான பதிலாக இருக்க வேண்டும். பலர் தாலிபான் மிரட்டியது, அண்ணனை இழுத்துப் போனது என்று பத்துப் பக்கம் எழுதுகிறார்கள், எல்லாம் உண்மைதான், ஆனால் மறுப்பு "ஒரு வருட வேலைக்கு ஆதாரம் இல்லை" என்பதற்காக வந்திருந்தால் அந்தப் பத்துப் பக்கம் எந்த வேலையும் செய்யாது.

கான்ட்ராக்டர்களிடம் அதிகம் வருவது எச்ஆர் கடிதப் பிரச்சினை. வேலை கொடுத்த கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பதவி, எந்த அமெரிக்க அரசு கான்ட்ராக்டின் கீழ் என்று எழுதித் தர வேண்டும். கம்பெனி மூடிவிட்டது, அல்லது முதலாளி காபூலை விட்டே ஓடிவிட்டார், அல்லது கடிதம் இருக்கிறது ஆனால் தூதரகம் சரிபார்க்க அனுப்பிய மின்னஞ்சலுக்கு யாரும் பதில் போடவில்லை. மூன்றுக்கும் மறுப்புக் கடிதத்தில் வரும் வரி ஒன்றாகவே இருக்கலாம், அதனால் இதில் எது நடந்தது என்று நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பெனி மூடியிருந்தால் மேலே ஏறிப் போக வேண்டும். அவர் வேலை பார்த்தது ஏதோ ஒரு சப்-கான்ட்ராக்டரிடம் என்றால், அதற்கு மேலே, அமெரிக்க அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போட்ட பிரைம் கான்ட்ராக்டர் ஒருவர் இருப்பார். லாக்கேப் என்ற ராணுவத் தளவாட ஒப்பந்தத்தில் 2009-லிருந்து ஆப்கானிஸ்தானின் வடக்குப் பகுதி ஃபுளூரிடமும் தெற்கு டைன்கார்ப்பிடமும் இருந்தது. டைன்கார்ப்பை 2020-ல் அமென்டம் வாங்கிவிட்டது, ஆக காந்தஹார் தளத்தில் டைன்கார்ப் பேட்ஜ் போட்டிருந்தவர் இன்று தேட வேண்டியது அமென்டத்தை. கான்ட்ராக்ட் நம்பர் தெரியாவிட்டால் பழைய பேட்ஜ், சம்பள ரசீது, பயிற்சிச் சான்றிதழ், வேலை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 13 இடம் கொண்டதாக, ராணுவ ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் டபிள்யூ என்று தொடங்குவதாக இருக்கும். கம்பெனி பெயரை வைத்து யுஎஸ்ஏஸ்பெண்டிங் என்ற அமெரிக்க அரசு இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். ஆப்கன் நண்பருக்கு ஆங்கிலத் தளத்தில் இதைத் தேடுவது கஷ்டமாக இருக்கும், நமக்கு ஒரு மணி நேர வேலை, நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவிகளில் இது ஒன்று.

அடுத்தது, "அமெரிக்க அரசின் சார்பாக வேலை செய்யவில்லை" என்ற மறுப்பு. கான்ட்ராக்டின் கீழ் வேலை என்றால் தகுதி உண்டு, மானியத் திட்டத்தின் கீழ் நடந்த தொண்டு நிறுவன வேலை என்றால் எஸ்ஐவி கிடையாது. தளத்துக்குள் சொந்தமாகக் கடை போட்டிருந்தவருக்கும் சிக்கல்தான். நேட்டோ படைக்கு வேலை செய்தவர் என்றால், அங்கிருந்த அமெரிக்கப் படையினருக்காகச் செய்த வேலை என்று காட்ட வேண்டும். இந்த வகை மறுப்பில் உண்மையிலேயே தகுதி இல்லாதவர்களும் இருப்பார்கள், அதை நண்பரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒரு வருடம் ஆகவில்லை என்று மறுத்திருந்தால், ஒரே கம்பெனியில் தொடர்ச்சியாக ஒரு வருடம் என்று அவசியமில்லை. ஏழு மாதம் ஒரு கம்பெனி, ஆறு மாதம் இன்னொன்று என்றால் கூட்டிக் காட்டலாம், ஒவ்வொன்றுக்கும் தனி எச்ஆர் கடிதம் வேண்டும்.

மிக மோசமானது "பாதகமான தகவல்" என்று வருவது. என்ன தகவல் என்று சொல்ல மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்களைத் தளங்களில் அவ்வப்போது பாதுகாப்பு விசாரணைக்கும் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனைக்கும் உட்படுத்தினார்கள், அதில் தவறி வேலை போனவர்களில் பலருக்கு அதே காரணத்தால் பிறகு விசாவும் போனது. அமெரிக்காவிலேயே பல நீதிமன்றங்கள் சாட்சியமாக ஏற்காத ஒரு சோதனையை வைத்து, வருடக்கணக்கில் ரோந்தில் தங்களோடு நடந்த ஆளின் வாழ்க்கையை முடிவு செய்கிறார்கள், எனக்கு இதில் எந்த நியாயமும் தெரியவில்லை. சரி, செய்யக்கூடியது என்ன? வேலை எப்படி முடிந்தது என்று நண்பர் தாமாகவே தேதியோடு முழுதாக எழுத வேண்டும். அதற்குப் பிறகும் வேறு அமெரிக்க யூனிட்டோ கம்பெனியோ அவரை வேலைக்கு எடுத்திருந்தால் அதை முன்னால் வைக்க வேண்டும், ஏனென்றால் மீண்டும் சோதித்துத்தான் தளத்துக்குள் விட்டிருப்பார்கள். அவரை அறிந்த அமெரிக்க அதிகாரிகள் அந்தச் சம்பவத்தைத் தெரிந்தே, அதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் கடிதம் தர வேண்டும். அமெரிக்காவின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பைக் கேட்கலாம், ஆனால் 120 நாளுக்குள் வந்துவிடும் என்று அதை நம்பி உட்கார வேண்டாம். இந்த வகைக்கு மட்டும் எப்படியாவது வக்கீல் பிடியுங்கள்.

உங்கள் கடிதம் செல்லுமா?

சிபாரிசுக் கடிதம் அமெரிக்கக் குடிமகனான நேரடி சூப்பர்வைசரிடமிருந்து வர வேண்டும் என்பது விதி. ஆனால் கான்ட்ராக்ட் வேலையில் ஆப்கன் தொழிலாளிக்கு மேலே நின்றவர் பல நேரம் ஒரு இந்தியராகவோ இலங்கைக்காரராகவோ நேபாளியாகவோதான் இருந்தார், வாஷிங்டனுக்கும் இது தெரியும். அதனால் அமெரிக்கர் அல்லாத சூப்பர்வைசர் எழுதலாம், கூடவே அந்தக் கான்ட்ராக்டுக்குப் பொறுப்பான அமெரிக்கக் குடிமகன் ஒருவர், எழுதியவரைத் தமக்குத் தெரியும், சொல்லியிருப்பது சரி என்று இணைக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, நீங்கள் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்திருந்தால் உங்கள் கடிதம் செல்லும். உங்களுக்கு மேலே இருந்த அமெரிக்க மேனேஜரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடிக்கும் வேலையும் உங்களுடையது. நண்பர் அவரிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார், உங்களுக்குத்தான் அவரைத் தெரியும்.

கடிதத்தில் "நல்லவர், வல்லவர், உழைப்பாளி" என்று எழுதி அனுப்பினால் பயனில்லை. எந்தத் தளம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, தினமும் என்ன வேலை, நீங்கள் அவருக்கு மேலே எந்தப் பதவியில் இருந்தீர்கள் என்பது வேண்டும். அவர் விசுவாசமாக, பயனுள்ள வகையில் பணியாற்றினார், அமெரிக்காவின் பாதுகாப்புக்கு அவரால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறேன் என்ற வாசகங்களும் வெளிப்படையாக இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எட்டு மாதம்தான் கூட இருந்தீர்கள் என்றால் எட்டு மாதம் என்றே எழுதுங்கள், மீதியை எச்ஆர் கடிதம் பார்த்துக்கொள்ளும், தேதிகள் முட்டிக்கொண்டால் இரண்டு கடிதமும் வீண். இன்றைக்குத் திறந்து பார்க்கும் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். தூதரகம் சரிபார்க்க எழுதும், சில மாதம் ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

பெயரும் பிறந்த தேதியும்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இதில்தான் கோப்புகள் மாட்டிக்கொள்கின்றன. ஆப்கன்காரர்களில் நிறைய பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பேட்ஜில் தகப்பன் பெயர், பாஸ்போர்ட்டில் இனக்குழுப் பெயர், எச்ஆர் கடிதத்தில் இரண்டும் இல்லாமல் ஒற்றைப் பெயர் என்று இருக்கும். தஸ்கிரா எனும் அடையாள அட்டையில் பல நேரம் "1387-ல் 22 வயது" என்ற மாதிரிதான் எழுதியிருக்கும். அந்த அட்டையில் இருக்கும் சூரிய ஹிஜ்ரி வருடத்தோடு 621-ஐக் கூட்டினால் நம் ஆண்டு தோராயமாக வரும் (ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை பிறந்தவர்களுக்கு 622), ஆகவே அவர் பிறந்தது 1365, அதாவது 1986-87. இதை ஒரு கம்பெனி ஜனவரி 1 என்று போட்டிருக்கும், இன்னொன்று மார்ச் 21 என்று போட்டிருக்கும். அப்பீலோடு ஒரு பக்கம் வைத்து, எந்தெந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது, ஏன் அப்படி, எல்லாம் ஒரே ஆள்தான் என்று விளக்கிவிடுங்கள். தாரி, பஷ்து ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள்.

2021 ஆகஸ்ட்டில் தாலிபான் காபூலுக்குள் வந்தபோது பயத்தில் காகிதங்களை எரித்தவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பழைய மின்னஞ்சல்தான் கை கொடுக்கும், 2012-ல் கம்பெனிக்கு அனுப்பிய ஸ்கேன் இன்னும் சென்ட் பெட்டியில் கிடக்கலாம். வங்கியில் சம்பளம் விழுந்த கணக்கு விவரம், பாராட்டுச் சான்றிதழ், யூனிட்டோடு எடுத்த படம், எல்லாம் துணை ஆதாரம்.

அப்பீல் கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கேஸ் நம்பர், மறுப்புத் தேதி, அவர்கள் சொன்ன காரணம், அதற்கான பதில், இணைப்புகளின் பட்டியல், அவ்வளவுதான். கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் முகவரிக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். விண்ணப்பத்துக்கும் அப்பீலுக்கும் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் மோசடி. போலி எச்ஆர் கடிதம் விற்பவர்களும் இருக்கிறார்கள், அது பிடிபட்டால் நிஜமாகவே தகுதி இருந்தவருக்கும் அமெரிக்கக் கதவு நிரந்தரமாக மூடலாம். ஐராப் என்ற சட்ட உதவி அமைப்பின் வழிகாட்டிகள் இலவசம், நோ ஒன் லெஃப்ட் பிஹைண்ட், ஆப்கன்எவாக் அமைப்புகளும் இதே துறையில் இருப்பவைதான்.

இன்றைய நிலைமையையும் நண்பரிடம் சொல்ல வேண்டும், பொய் நம்பிக்கை கொடுக்க வேண்டாம். புதிதாக ஒப்புதல் கேட்கச் சட்டம் வைத்த கெடு 2025 டிசம்பர் 31, முன்பெல்லாம் அப்பீல் தோற்றாலும் புதிய விண்ணப்பம் போட முடிந்தது, இப்போது அந்த வழியை நம்ப முடியாது. 2025 நவம்பரில் வாஷிங்டனில் தேசியக் காவல் படையினர் மீது ஓர் ஆப்கன்காரர் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டதும், ஆப்கன் பாஸ்போர்ட்டுக்கு விசா வழங்குவதையே வெளியுறவுத் துறை நிறுத்திவைத்தது. அப்படியிருக்க அப்பீல் எதற்கு என்று அவர் கேட்பார். நிறுத்தி வைத்ததை நாளைக்கே விலக்கலாம், ஆனால் 120 நாள் தாண்டிய அப்பீலை யாரும் திறக்க மாட்டார்கள்.

பிரிட்டன், ஆஸ்திரேலியப் படைகளுக்கு வேலை செய்தவர்களுக்கு இந்த வழிமுறை பொருந்தாது. பிரிட்டனின் ஆராப் திட்டம் 2021 ஏப்ரலில் தொடங்கி 2025 ஜூலை 1-ல் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது, அங்கே ஏற்கெனவே போட்டவர்கள் மறுபரிசீலனை கேட்பது தனி நடைமுறை.

அனுப்பிய பிறகு வரும் தானியங்கி பதிலைச் சேமித்து வையுங்கள். அதே அப்பீலை வாரம் ஒருமுறை மறுபடி அனுப்ப வேண்டாம். நண்பர் பாகிஸ்தானிலிருந்து துரத்தப்பட்டு சிம் மாற்றினாலும் அந்த மின்னஞ்சல் கணக்கு மட்டும் போகக் கூடாது, அதனால் பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் குடும்பத்தில் நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.